கெண்டை, அப்பா, குளியலறை

கற்பனைத் திரைப்பட மரபு நிறுவனத்தில் தவறு என்று ஒன்று நடப்பதே இல்லை. நடந்துவிட்டால் அதன்மேல் ஒரு எண்ணை ஒட்டிவிடுவார்கள். எண் ஒட்டியபின் அது தவறு அல்ல, தேசத்தின் சொத்து. பிர்னோ நகரத்தில், முன்பு எலி ஒழிப்பு இலாகா இருந்த நாலு மாடிக் கட்டடத்தில், முப்பத்தோரு வருடமாக நான் பழைய கேசட்டுகளைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். பெயர் அலோய்ஸ் பெக்கார். ஒருநாள் மூன்றாம் அறை மேசையில் என் சாப்பாட்டு டப்பாவை வைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய் வந்தேன். அதற்குள் ஒட்டுச்சீட்டுப் பிரிவு ரூஜெனா அம்மாள் தன் கடமையைச் செய்துவிட்டார். மூன்றாம் அறையில் இருப்பதெல்லாம் லுமீர் ஹவ்ரானுடையது என்பது விதி. டப்பா இப்போது கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. உள்ளே இருந்த புளித்த முட்டைக்கோஸ் என்ன ஆயிற்று என்று யாரும் சொல்லவில்லை.

ஹவ்ரான் எங்கள் நாட்டின் மாபெரும் சர்ரியலிச இயக்குநர். அவர் படத்தில் நாற்காலி நடக்கும். சூப்புத் தட்டுக்குள் ரயில் போகும். பாதிரியாரின் தொப்பியிலிருந்து பற்கள் கொட்டும். ஏன் என்று கேட்கக்கூடாது. உயிரோடு இருந்த காலத்தில் அவரைப் பத்து வருடம் படமெடுக்க விடாமல் பொத்தான் தொழிற்சாலைக்கு அனுப்பிவைத்தது அரசாங்கம். செத்தபின் அவருக்காக ஒரு நிறுவனமே திறந்து, படங்களை எல்லாம் வீட்டில் போட்டுப் பார்க்கிற மாதிரி எட்டு டிவிடி கொண்ட முழுத் தொகுப்பாகக் கொண்டுவரும்படி உத்தரவு போட்டதும் அரசாங்கம்தான். இரண்டு உத்தரவிலும் கையெழுத்து ஒரே ஆளுடையது என்று ரூஜெனா அம்மாள் சொல்வார். நான் பார்த்ததில்லை.

ஹவ்ரானுடைய ஒரு படத்தில் நாலு நிமிடம் திரை வெறும் கறுப்பாக இருக்கும். ‘லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்துவிட்டேன், மன்னிக்கவும்’ என்று ஹவ்ரானே கைப்பட எழுதிய கடிதம் இருக்கிறது. அதற்கும் எண் உண்டு. அந்தக் கறுப்பில் படிந்திருந்த தூசியை ஆறு வாரம் உட்கார்ந்து ஒவ்வொரு சட்டகமாக நான் துடைத்தேன். முடித்ததும் நிறுவனத் தலைவர் ராடோவன் பிளாஹா வந்து நாலு நிமிடமும் நின்று பார்த்தார். “முன்னவிட ஆழமா இருக்கு, பெக்கார்” என்றார். கண் கலங்கியிருந்தது.

இதையெல்லாம் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. எனக்குச் சிரிக்கிற யோக்கியதை இல்லை. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

என் அக்கா லிபுஷே ஓஸ்த்ராவாவில் நர்ஸாக இருந்தாள். இதெல்லாம் நடந்த வருடம் ஓய்வு பெற்றாள். ஓய்வு பெற்ற கையோடு போன் செய்து, “லோய்ஸா, அப்பா இருக்கற கேசட்டெல்லாம் தேடி ஏத்திக் குடுடா, கிறிஸ்துமஸுக்கு எனக்கு வேற எதுவும் வேணாம்” என்றாள். என்னிடம் ஐந்து கேசட் இருந்தன. நாலைக் கொடுக்கலாம். ஐந்தாவதை யாருக்கும் கொடுக்க முடியாது. இருபத்தேழு வருடமாக அதை நான் போட்டும் பார்க்கவில்லை, தூக்கியும் போடவில்லை. அப்பா நடமாடுகிற கடைசிப் படம் அதுதான். ஒருமுறை பார்த்துவிட்டு அழித்துவிடலாம் என்று டிசம்பர் மாதம் ஒரு மதிய இடைவேளையில் மூன்றாம் அறை இயந்திரத்தில் போட்டேன். மூன்று நிமிடம் பார்த்தேன். நிறுத்தி, கேசட்டை வெளியே எடுத்து வைத்துவிட்டு, வாசலுக்குப் போய் வாட்ச்மேனிடம் சிகரெட் வாங்கிப் பிடித்தேன். சிகரெட்டை விட்டு ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

திரும்பி வந்தபோது கேசட்டின் மேல் ஹவ்-0977 என்று இருந்தது.

“ரூஜெனாம்மா, இது என்னுதுங்க. எடுத்துடுங்க.”

“ஒட்டறதுதான் என் வேல, பெக்கார். எடுக்கணும்னா வட்ட முத்திரை வேணும். எங்கிட்ட நீள முத்திரைதான் இருக்கு.”

அப்போதே கத்தியிருக்கலாம். பிடுங்கிக்கொண்டு ஓடியிருக்கலாம். கத்தினால் ‘அதில் என்ன இருக்கிறது?’ என்று கேட்பார்கள். ஆயிரம் கேசட்டில் ஒன்று, எவன் பார்க்கப்போகிறான் என்று பேசாமல் இருந்துவிட்டேன். அதன் முதுகில் என் கையெழுத்தில் ‘கெண்டை, அப்பா, குளியலறை, 1992’ என்று எழுதியிருந்தது.

பார்த்தது டாக்டர் எவ்ஜேனியே ஸ்லாமோவா. நிறுவனத்தின் தலைமை ஆய்வாளர். ஹவ்ரான் படத்துத் தொப்பியைப் பற்றி மட்டும் அறுநூறு பக்கம் எழுதியவர். மறுநாள் காலை எல்லோரையும் கூட்ட அறைக்கு வரச்சொன்னார்.

“நண்பர்களே, தொலைஞ்சுபோனதுன்னு நமக்குத் தெரியாமலே தொலைஞ்சுபோயிருந்த ஒரு படம் கெடச்சிருக்கு. தலைப்பப் பாருங்க! கெண்டை. அப்பா. குளியலறை. குளிக்கற தொட்டிக்குள்ள உயிரோட ஒரு மீன்! எந்த மனுஷ மூளைக்கு வரும் இந்தக் கற்பன?”

அன்று டிசம்பர் பத்தொன்பது. கிறிஸ்துமஸ் விருந்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது எங்கள் ஊரில் எவன் வீட்டில் குளிக்க முடியும்? இருபத்திநாலாம் தேதி வறுப்பதற்கான கெண்டையை உயிரோடு வாங்கிவந்து அதுவரை குளியல் தொட்டியில் விட்டுவைப்பது வழக்கம். கூட்டத்தில் இருந்த பதினோரு பேரில் ஒன்பது பேர் வீட்டுத் தொட்டியில் அந்த நேரம் கெண்டை நீந்திக்கொண்டிருந்தது. இரண்டு நாளாகக் குளிக்கவில்லை என்று ஸ்லாமோவாவே காலையில் படிக்கட்டில் அலுத்துக்கொண்டதை என் காதால் கேட்டேன். ரூஜெனா அம்மாள் மட்டும்தான் வாயைத் திறந்தார்.

“எங்க வீட்லயும் ஒண்ணு கெடக்கே, டாக்டர்.”

“உங்க வீட்ல கெடக்கறது மீன், ரூஜெனா. இதுல கெடக்கறது கேள்வி.”

ரூஜெனா அம்மாள் குறிப்பேட்டில் அதை எழுதிக்கொண்டார். பிறகு சான்று கேட்டார் தலைவர் பிளாஹா. ஸ்லாமோவா கையுறை மாட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். ஹவ்ரானின் கையெழுத்து. ‘கெண்டை, இரண்டு கிலோ. உருளைக்கிழங்கு. மயோனைஸ். ஊறுகாய் வெள்ளரி. தீக்குச்சி.’

“திரைக்கத” என்றார் ஸ்லாமோவா. “அஞ்சே வரியில.”

“தீக்குச்சி படத்துல வரலையே?” என்றார் தலைவர்.

“அதத்தான் சார் சொல்றேன். வரல!”

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். வெட்கங்கெட்ட கை.

அந்தப் படத்தில் என்ன இருக்கிறது என்று இப்போது சொல்லிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் சொல்லாமலே போய்விடுவேன்.

அப்பா கரெல் பெக்கார் ரயில்வேயில் சிக்னல்காரர். அம்மா மிலுஷ்கா போன மறுவருடமே அவருக்கு ஆள் அடையாளம் தப்ப ஆரம்பித்தது. என் வீட்டில்தான் இருந்தார். அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஒரு நண்பனிடம் வீடியோ கேமரா இரவல் வாங்கியிருந்தேன். அப்பா குளியலறையில் முக்காலி போட்டு உட்கார்ந்து தொட்டியிலிருந்த கெண்டையோடு பேசிக்கொண்டிருந்தார். அதை அம்மா என்று நினைத்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேமராவை எடுத்தேன்.

“கேளுப்பா. அம்மாகிட்ட இன்னைக்கு என்ன சமையல்னு கேளு” என்கிறது என் குரல்.

“மிலுஷ்கா, இன்னைக்கு என்ன சமையல்?” என்கிறார் அப்பா.

படம் சரியாக விழவில்லை என்று மூன்று தடவை கேட்கவைத்தேன். தண்ணீர் ஜில்லென்று இருக்கிறதே என்று அவர் தன் ஸ்வெட்டரைக் கழற்றி மீனுக்குப் போர்த்தினார். கேமரா குலுங்குகிற அளவுக்கு நான் சிரித்தேன். அவர் திரும்பிப் பார்த்தார். என்னைக் கடைத்தெருவில் மீன் விற்கிற ஆள் என்று நினைத்துக்கொண்டார். “மீன்கார ஐயா, இவள வெட்டிடாதீங்க, இவளுக்குப் பயமா இருக்கு” என்று கைகூப்பினார். நான் இல்லை என்று சொல்லவில்லை. குரலை மாற்றிக்கொண்டு, “எத்தன துண்டு போடணும் பெரியவரே?” என்று கேட்டேன். அவர் அழுதார். பத்தொன்பது நிமிடப் படத்தில் ஐந்து நிமிடம் அவர் அழுவதும் நான் சிரிப்பதும்தான். இருபத்திநாலாம் தேதி அந்த மீனை வெட்டி வறுத்துச் சாப்பிட்டோம். அப்பா சாப்பிடவில்லை. ஈஸ்டருக்கு முன் இறந்துபோனார்.

இதைத்தான் ஸ்லாமோவா ‘கேமராவுக்குப் பின்னால் சிரிக்கும் அதிகாரம்’ என்று எழுதினார். எங்கள் நூற்றாண்டின் கொடுங்கோன்மையை இதைவிடச் சுருக்கமாக யாரும் காட்டியதில்லையாம். எட்டு டிவிடி ஒன்பது ஆயிற்று. தொகுப்புப் பெட்டியைக் குளியல் தொட்டி வடிவத்தில் செய்தார்கள். மூடியைத் திறந்தால் அந்தச் சிரிப்பு கேட்கும்படி உள்ளே ஒரு சின்ன ஒலிச் சில்லு வைத்தார்கள். சோதனைக்காகப் பிளாஹா தன் மேசையில் ஒன்று வைத்திருந்தார். யார் போனாலும் திறந்து காட்டுவார். ஒரு நாளைக்கு இருபது தடவை மாடியெங்கும் நான் சிரித்தேன்.

ஏப்ரலில் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். எங்கள் கட்டடத்து லிஃப்டுக்குக் கதவு கிடையாது, நிற்கவும் நிற்காது. ஒருபக்கம் ஏறிக்கொண்டே இருக்கும், மறுபக்கம் இறங்கிக்கொண்டே இருக்கும். குதித்து ஏறி, குதித்து இறங்க வேண்டும். பிளாஹாவை அங்கேதான் பிடிக்க முடியும். முக்கிய முடிவுகளை எல்லாம் அவர் அதில்தான் எடுப்பார்.

“சார், அந்த கேசட் என்னோடது.”

“நம்ம எல்லாரோடதும்தான், பெக்கார்” என்றார், ஏறிக்கொண்டே.

“இல்ல சார். அந்தப் பெரியவர் எங்கப்பா. பின்னால சிரிக்கறது நான்.”

“ஒசந்த கலைன்னா அப்படித்தான். பாக்கற ஒவ்வொருத்தனுக்கும் இது நம்ம வீடுன்னு தோணும். எனக்கே அந்தப் பெரியவரப் பாத்ததும் எங்க மாமனார்…”

அதற்குமேல் அவருடைய காலணிகள்தான் தெரிந்தன. பிறகு அவையும் மறைந்தன. “எழுத்து மூலமா குடுங்க!” என்று மேலிருந்து குரல் மட்டும் வந்தது. அடுத்த பெட்டியில் தாவி நாலாம் மாடிக்குப் போனேன். அதற்குள் அவர் மறுபக்கத்தில் இறங்கிப் போய்விட்டார்.

எழுத்து மூலமாகக் கொடுத்தேன். அப்பாவின் புகைப்படங்களை இணைத்தேன். ‘இயக்குநர் ஹவ்ரான் உங்கள் தந்தையின் சாயலுள்ள நடிகரைத் தேர்ந்தெடுத்திருப்பது பாராட்டுக்குரியது’ என்று பதில் வந்தது. எங்கள் வீட்டுக் குளியலறை ஓடுகளைப் படமெடுத்துக் கொடுத்தேன். அந்த ஓடு நாட்டில் எட்டு லட்சம் அடுக்குமாடி வீடுகளில் இருக்கிறது என்றார்கள். அது உண்மைதான்.

செப்டம்பரில் அக்கா போன் செய்தாள்.

“டேய், உங்க ஆபீஸ்ல மீன் படம் ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கீங்களாமே? பேப்பர்ல போட்டிருக்கான். எனக்கு ஒரு பெட்டி எடுத்து வை. ஒன் பேரு அதுல அச்சடிப்பாங்கல்ல?”

“அடிப்பாங்கக்கா.”

“அப்பா இருந்திருந்தா ஊரெல்லாம் சொல்லிருப்பாரு.”

போனை வைத்தபின் சமையலறையில் நின்றபடியே இருந்தேன். அவள் அந்தப் பெட்டியைத் திறக்கக்கூடாது. உலகமே பார்த்துவிட்டுப் போகட்டும், அக்கா மட்டும் பார்க்கக்கூடாது. அன்றே போய், படம் ஹவ்ரானுடையது அல்ல என்று கோருகிற ‘மூலத்தன்மை மறுப்பு விண்ணப்பம்’ என்ற படிவத்தை வாங்கிப் பூர்த்தி செய்து, வட்ட முத்திரை வாங்கி, சேர்த்துவிட்டேன். முத்திரை கிடைத்த சந்தோஷத்தில் பின்பக்கத்தைப் படிக்கவில்லை. விண்ணப்பதாரரின் நெருங்கிய ரத்த உறவினர் ஒருவர், பெற்றோரோ உடன்பிறந்தவரோ, நிறுவனத்தோடு தொடர்பில்லாதவர், படத்தை முழுமையாகப் பார்த்துச் சாட்சி சொல்ல வேண்டும் என்று அங்கே இருந்தது. அப்படி எனக்கு உயிரோடு இருக்கிற உறவு ஒன்றே ஒன்றுதான். அழைப்பாணை பதிவுத் தபாலில் ஓஸ்த்ராவாவுக்குப் போய்விட்டது. அதைத் திருப்பி வாங்க வேறொரு படிவம் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறதாம். அதற்கும் ஒரு ரத்த உறவினர் வேண்டுமாம்.

விசாரணை அக்டோபரில் நடந்தது. குழுவில் ஐந்து பேர். பிளாஹா, ஸ்லாமோவா, ஒரு வக்கீல், மேசைமேல் வைத்திருந்த முட்டை சாண்ட்விச்சுக்காக வந்திருந்த இரண்டு பேர். ரூஜெனா அம்மாள் குறிப்பெடுத்தார். அக்கா வெளியே தாழ்வாரத்தில் காத்திருந்தாள். முதலில் குரல் சோதனை.

“சிரிங்க, பெக்கார்” என்றார் பிளாஹா.

“சார்?”

“படத்துல சிரிக்கறது நீங்கதான்னு எழுதியிருக்கீங்க. சிரிச்சுக் காட்டுங்க. ஒப்பிட்டுப் பாக்கணும்.”

தொட்டிப் பெட்டியைத் திறந்தார். ஐந்து விநாடி நான் சிரித்தேன், இருபத்தேழு வருடத்துக்கு முந்தைய நான். பிறகு மூடினார். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறந்தேன். இருமல் மாதிரி ஏதோ வந்தது.

“இன்னொரு தடவ. கொஞ்சம் ஃப்ரீயா.”

இன்னொரு தடவை வாயைத் திறந்தேன். கண்ணில் தண்ணீர்தான் வந்தது. முட்டை சாண்ட்விச்காரர்களில் ஒருவர் எனக்குத் துடைக்கக் காகிதம் நீட்டினார். அந்தக் கட்டடத்தில் எனக்குக் காட்டப்பட்ட ஒரே இரக்கம் அதுதான்.

“பொருந்தல” என்றார் ஸ்லாமோவா. “படத்துல இருக்கற சிரிப்புல ஒரு முழு விடுதல இருக்கு. எந்தக் குற்ற உணர்ச்சியும் இல்லாத ஒரு மகத்தான கலைஞன் மட்டுமே அப்படிச் சிரிக்க முடியும். இது அரசு ஊழியரோட சிரிப்பு.”

வக்கீல் அதை ஆமோதித்தார். அக்காவைக் கூப்பிட்டார்கள்.

நல்ல நாளுக்குப் போடுகிற நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். தம்பியின் வேலையில் ஏதோ கௌரவமான காரியம் என்றுதான் நினைத்திருந்தாள். விளக்கை அணைத்தார்கள். பெரிய திரையில் பத்தொன்பது நிமிடம் ஓடியது. நான் படத்தைப் பார்க்கவில்லை. அவள் பின்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா முகம் வந்ததும் அவள் தோள் நிமிர்ந்தது. என் குரல் வந்ததும் அப்படியே நின்றது. ‘எத்தன துண்டு போடணும் பெரியவரே’ என்ற இடத்தில் அவள் கைப்பையைத் திறந்து, எதையும் எடுக்காமல் மூடினாள். வேறு எந்த அசைவும் இல்லை. எழுந்து விளக்கைப் போட்டுவிடலாமா என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

விளக்கு வந்தது. பிளாஹா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“அம்மா, நீங்க பதட்டப்படாம சொல்லுங்க. நிறுவனம் எந்தப் பதிலுக்கும் தயாரா இருக்கு. ஒரு பதில்னா பெட்டி நாளைக்கே கடைக்குப் போகும். இன்னொரு பதில்னா நாலாயிரம் தொட்டியையும் என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல. இந்தப் பெரியவர் உங்க அப்பாவா?”

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது வெறுமையாக இருந்தது.

“இல்ல” என்றாள்.

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பின்னால சிரிக்கறது உங்க தம்பியா?”

“இல்ல. அது யாருன்னு எனக்குத் தெரியாது.”

ஸ்லாமோவா எழுந்து நின்று கை தட்டினார். மற்ற நாலு பேரும் எழுந்தார்கள். “எங்க நிறுவனம் ஒருநாளும் தப்புப் பண்ணாதுன்னு இந்த அம்மா நிரூபிச்சுட்டாங்க” என்றார் பிளாஹா. ரூஜெனா அம்மாள் மட்டும் பேனாவை வைத்துவிட்டு அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். வட்ட முத்திரை விழுந்தது. விண்ணப்பதாரர் என்ற முறையில் நானும் போட வேண்டும் என்றார்கள். போட்டேன்.

டிராம் நிறுத்தம் வரை அவள் பின்னால் நடந்தேன். அவள் நடையை மெதுவாக்கவில்லை. நிறுத்தத்தில் நின்றதும்தான் கேட்டேன்.

“ஏன்க்கா அப்படிச் சொன்ன? அப்பாவ உனக்குத் தெரியாதா?”

“ஆமான்னு சொன்னா நாளைக்குப் பேப்பர்ல கரெல் பெக்கார்னு பேரு வரும். பேரு தெரிஞ்சப்புறம் ஊரே பாக்கும். இப்ப அது யாரோ ஒரு நடிகர். நடிகர்னா கேமரா நின்னதும் எந்திரிச்சுப் போயி கண்ணத் தொடச்சிக்கிட்டு காப்பி குடிச்சிருப்பாருன்னு நெனச்சுக்கலாம்ல?”

குரல் உடையவில்லை. வார்டில் நோயாளிக்கு மருந்து நேரம் சொல்கிற குரல். என்னைப் பற்றிச் சொன்னதற்கான காரணத்தையும் அவளே சொன்னாள், என்னைப் பார்க்காமல், டிராம் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டு.

“அந்த வருஷம் ஞாயித்துக்கெழம தவறாம போன் பண்ணுவேன். அப்பா எப்படிடா இருக்காருன்னு கேப்பேன். ‘அவரப் பத்திக் கவலப்படாதக்கா, ஒரே சிரிப்பா இருக்கு வீடு’ன்னு சொல்லுவ. எம்புள்ளைங்ககிட்ட எத்தன தடவ சொல்லியிருக்கேன் தெரியுமா, கடைசி காலத்துல தாத்தாவ எந்தம்பி சிரிக்க வெச்சான்னு.”

டிராம் வந்தது. அவள் ஏறினாள். இந்தப் பக்கம் ஜன்னலோர இடம் காலியாகத்தான் இருந்தது. அவள் டிராமின் நடுவழியைத் தாண்டி அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள். வேலை நேரம் முடிய இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. நான் திரும்பி நடந்தேன்.